உள்ளே இருப்பவரை எனக்குத் தெரியாது

ஹார்லன் கிரீக், ஃப்ளோரிடா
அக்டோபர் 14, 2024

லின்வுட்,

உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். அம்மாவை அடக்கம் செய்த நாளோடு உன்னிடம் பேசுவதில்லை என்று இருந்தவள் நான். பேச வைத்துவிட்டாய்.

நீ அனுப்பிய பிரமாணப் பத்திரத்தை ஷெரிஃப் ஆபீஸில் ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கிக் காட்டினாள். அம்மா வீட்டைப் பற்றி அதில் நீ எழுதியிருந்தது: இந்த வீடு எனக்கு மட்டுமே சொந்தம். உள்ளே இருப்பவரை எனக்குத் தெரியாது. அவர் என் குடும்பத்தாரும் அல்ல, வாடகைக்காரரும் அல்ல. கீழே உன் கையெழுத்து, அந்தக் கோணல் 'எல்' எழுத்தோடு. உள்ளே இருந்தது லாமர். என் மகன் லாமர். பாலத்தடியில் கெளுத்தி பிடிக்க நீயே கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த பிள்ளை.

கோழி ஆலையில் ராத்திரி வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். வெயில் ஏறின நேரம். இந்தப் புதுச் சட்டம் வந்த பிறகு கோர்ட், நோட்டீஸ் எதுவும் தேவையில்லையாமே. சொந்தக்காரன் சத்தியம் செய்து ஒரு தாள் கொடுத்தால் ஷெரிஃப் ஆட்கள் அன்றைக்கே வந்து காலி செய்வார்கள். தட்டினோம் என்கிறார்கள். நம் சர்ச் டீக்கன், எதிர்வீட்டு ஹொரேஸ் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். தட்டின சத்தம் கேட்கவில்லை என்கிறார். இரும்பு உருளையால் கதவை இடித்து உடைத்தார்கள். அவன் நாய் பிஸ்கட் குரைத்தது, அதைச் சுட்டார்கள். அந்தச் சத்தத்தில் எழுந்தவன் திருடன்தான் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் இரும்பு வாணலியைத் தூக்கி முதலில் வந்தவன் முகத்தில் போட்டான். அந்த ஆளுக்குத் தாடை போனது. அப்புறம் மற்றவர்கள் லாமரைச் சமையலறைத் தரையில் தள்ளி, கையைப் பின்னால் கட்டி, அதற்குப் பிறகும் மிதித்தார்கள். இடது கண் போய்விட்டது, லின்வுட். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டாக்டர் எடுத்தார். கட்டிலோடு விலங்கு போட்டு வைத்திருந்தார்கள்.

இப்போது வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. அந்த வீட்டில் இருக்க அவனுக்கு உரிமை இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால், தன் வீட்டுக் கதவை உடைத்தவனை அடித்தவன்; இந்த ஊர்ச் சட்டம் அவனை விட்டுவிடும். இல்லை என்றால், ஊரான் வீட்டில் புகுந்துகொண்டு போலீஸ்காரன் தாடையை உடைத்தவன். இருபது வருஷம் வரைக்கும் போகும். நீ வந்து அரசு வக்கீலிடம், அவன் என் அக்கா மகன், என் தாள் தப்பு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வந்து சொல்லிவிட்டு, பழையபடி என்னோடு பேசாமலே இரு.

ஆர்லீதா

*

கிளீவ்லண்ட், ஒஹாயோ
அக்டோபர் 23, 2024

அக்கா,

உன் கடிதத்தை க்ளாரிஸ்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் முன்னால் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பையனுக்கு நடந்தது கேட்டு நான் சாப்பிடவில்லை. இதை நீ நம்ப மாட்டாய் என்று தெரியும்.

ஆனால் நான் அடிக்கச் சொல்லவில்லை. காலி செய்யச் சொன்னேன். டீக்கன் ஹொரேஸ் போன் செய்து, உங்கம்மா வீட்டில் யாரோ தாடிக்காரன் இருக்கிறான், நாய் வைத்திருக்கிறான், ஜன்னலில் படுக்கை விரிப்பு தொங்குகிறது என்றார். நான் என்ன நினைப்பேன்? போன வருஷம் ரீட் தெருவில் ஒரு கும்பல் புகுந்து செம்புக் குழாய் முதல்கொண்டு உருவிக்கொண்டு போனதே. லாமர் அங்கே இருக்கிறான் என்று நீ ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. என் வீட்டில் என்னைக் கேட்காமல் ஆள் வைத்தது நீ.

ஆமாம், என் வீடுதான். அம்மா படுத்த நாளிலிருந்து வரி கட்டுவது யார்? ரசீதெல்லாம் என் பேரில் வருகிறது. அந்த ஷெரிஃப் ஆபீஸ்காரி அதைத்தான் கேட்டாள், அதைத்தான் காட்டினேன். வீட்டை வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார், காலியாக இருந்தால்தான் வேண்டும் என்கிறார். இதில் நான் என்ன பாவம் செய்தேன்?

நீ கேட்டதை இங்கே ஒரு வக்கீலிடம் சொன்னேன். அவர் கையை விரித்துவிட்டார். பிரமாணத்தில் பொய் சொன்னால் அதுவே குற்றம், ஜெயில் உண்டு, வாயைத் திறக்காதீர்கள் என்றார். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். தண்டனை என்றால் அன்றைக்கே வேலை போகும். க்ளாரிஸ் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் மெஷினில் படுக்கிறாள். அது என் வேலையில் வரும் காப்பீட்டில்தான் ஓடுகிறது. உன் மகனைக் காப்பாற்ற என் பெண்டாட்டியைக் கொல்லச் சொல்கிறாய்.

அம்மாவின் அடக்கத்தில் என்னைப் பேச விடாமல் ஒலிபெருக்கியைப் பிடுங்கினாயே, அன்றைக்கு நான் குடும்பம் இல்லையாமே. இன்றைக்கு மட்டும் எப்படி ஆனேன்?

லின்வுட்

*

ஹார்லன் கிரீக்
நவம்பர் 18, 2024

லின்வுட்,

நீ குடித்துவிட்டு வந்திருந்தாய், அதனால் பிடுங்கினேன். இன்னொரு தடவை வந்தாலும் பிடுங்குவேன்.

இலவச சட்ட உதவியில் மிஸ் பென்னிங்டன் என்று ஒரு வக்கீலம்மா இருக்கிறாள். உன் கடிதத்தைக் காட்டினேன். வரி விஷயத்தைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். நம் ஜனங்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதானாம். அம்மா உயில் எழுதவில்லை. பாட்டனும் எழுதவில்லை. அப்படியென்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிக்காத பங்கு; யார் வரி கட்டினாலும் ஒன்றுதான். நீ எவ்வளவு சொந்தக்காரனோ நானும் அவ்வளவு சொந்தக்காரி. நான் இருக்கச் சொன்னவனை உன் தாளால் வெளியேற்ற முடியாது. ஆனால் நான் சொன்னால் மகனுக்காகத் தாய் சொல்கிறாள் என்பார்களாம்; தாளில் சத்தியம் செய்த நீயே தப்பு என்று சொன்னால்தான் எடுபடுமாம். கேட்காமல் வைத்தேனாம். நம் குடும்பத்தில் அந்த வீட்டுக்கு யார் யாரைக் கேட்டுப் போயிருக்கிறார்கள்? நீ வேலை போய் வந்து படுத்துக் கிடந்தாயே ஒரு வருஷம், யாரைக் கேட்டாய்?

இதை உன்னிடம் நல்லபடியாகச் சொல்லத்தான் போன வாரம் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் டீக்கன் ஹொரேஸ் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆர்லீதா, எனக்குத் தூக்கமே வரல. நான் உன் தம்பிகிட்ட சொன்னேம்மா. தாடியில முகம் பிடிபடல, ஆனா அந்தப் பையன் நடக்குறது உங்க வீட்டு ஆளுங்க நடையாட்டமே இருக்கு, ஆர்லீதா மகனா இருக்கப்போறான், கேட்டுப் பாருன்னு சொன்னேன். 'உங்க வேலையைப் பாருங்க டீக்கன்'னு போனை வெச்சுட்டான்."

தெரியாமல் போட்டாய் என்று இத்தனை நாள் ஆண்டவரிடம் உனக்காகப் பேசிக்கொண்டிருந்தேன், லின்வுட். கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று பயந்து கேட்காமல் இருந்திருக்கிறாய். வீடு விற்க வேண்டும், வாங்குகிறவன் காத்திருக்கிறான், உள்ளே இருப்பவன் யாரோவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாய்.

உன்னைக் கொல்லணும் போல இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. பேருந்து டிக்கெட் வாங்கிவிட்டேன்.

ஆர்லீதா

*

கிளீவ்லண்ட்
டிசம்பர் 9, 2024

அக்கா,

முன்பல் இரண்டும் போய்விட்டன. காதுக்கு மேலே தையல் போட்டிருக்கிறது. பனி அள்ளுகிற மண்வெட்டியை என் கையிலிருந்தே பிடுங்கி என்னையே அடிப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தெருவே பார்த்தது. நீ அடித்ததைவிட, ஒவ்வொரு அடிக்கும் நடுவே கேட்டாயே, அதுதான் காதில் நிற்கிறது. "என் புள்ள எந்தக் கண்ணால பார்ப்பான், சொல்லுடா. எந்தக் கண்ணால?"

நானும் சும்மா இருக்கவில்லை. உன் கழுத்தைப் பிடித்துப் பனிக்குள் அழுத்தினேன். உன் முகம் கறுத்ததைப் பார்த்தேன், விடவில்லை. விட வேண்டும் என்றே தோன்றவில்லை, அக்கா. க்ளாரிஸ் வந்து நம் இரண்டு பேர் தலையிலும் வாளித் தண்ணீரைக் கொட்டாமல் இருந்திருந்தால், இன்றைக்கு நம்மில் ஒருவருக்குத்தான் கடிதம் எழுதக் கை இருந்திருக்கும்.

போலீஸிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். அந்த ஆள் மண்வெட்டியையும் என்னையும் பார்த்துச் சிரித்தான்.

ஹொரேஸ் சொன்னது உண்மை. க்ளாரிஸ் அதைக் கேட்ட பிறகு என்னோடு பேசுவதில்லை; தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். ஆனால் ஜெயில், வேலை, மெஷின், இந்த மூன்றையும் நினைத்தால் வரத் துணிவில்லை. நான் பயந்தவன். சின்ன வயதிலிருந்து உனக்குத் தெரியும்.

கொஞ்சம் அவகாசம் கொடு. விசாரணைத் தேதி வந்ததும் எழுது.

லின்வுட்

*

ஹார்லன் கிரீக்
ஜனவரி 20, 2025

லின்வுட்,

தேதி வந்துவிட்டது. பிப்ரவரி 13, வியாழக்கிழமை.

என் குரல் இன்னும் சரியாகவில்லை. சர்ச்சில் பாட முடியவில்லை. அதற்கு உன் மேல் கோபம் இல்லை. நான் அடித்தேன், நீ அமுக்கினாய், அது சரிக்குச் சரி.

லாமரைப் போய்ப் பார்த்தேன். கவுண்டி ஜெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கண் போன பக்கமாக வந்து அடிக்கிறார்களாம், அங்கே அவனுக்குத் தெரியாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். போன வாரம் விரலை இரும்புக் கதவில் வைத்துச் சாத்தினார்கள். யார் என்றேன். சொல்லவில்லை. தாடை உடைந்த அந்தப் போலீஸ்காரனுக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். உன்னைப் பற்றிக் கேட்டான், "மாமா வர்றாராம்மா?" என்று. வருவான் என்றேன். வேறு என்ன சொல்ல?

கோர்ட் கொடுத்த வக்கீல் இளம் பெண். அவள் மேசையில் கட்டுக் கட்டாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் எட்டு வருஷத்தில் முடிக்கிறார்களாம், வழக்காடித் தோற்றால் இருபது என்று தினம் அவன் காதில் ஓதுகிறாள். உன் மாமா வந்து பேசினால் கதையே வேறு, வராவிட்டால் நான் பந்தயம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் கோர்ட் வாசலில் நிற்பேன். வந்துவிடு. உன்னைத் தொட மாட்டேன். அம்மா மேல் ஆணை.

ஆர்லீதா

*

கிளீவ்லண்ட்
ஜனவரி 31, 2025

அக்கா,

வருகிறேன். புதன்கிழமை காரில் கிளம்புகிறேன். பையனிடம் சொல்லு.

லின்வுட்

*

அம்மா வீடு
மார்ச் 3, 2025

லின்வுட்,

நீ வரவில்லை.

படியிலேயே நின்றேன். ஒவ்வொரு காராகப் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டார்கள், இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று அந்த இளம் வக்கீலைக் கெஞ்சினேன். லாமர் திரும்பிப் பார்த்தான். கண் இல்லாத பக்கமாக நான் இருந்ததால் முழுக்கத் திரும்ப வேண்டியிருந்தது. என் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தான். அப்புறம் திரும்பவில்லை. நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்டார். அனுமதி இல்லாமல் புகுந்தாயா? ஆமாம் ஐயா. உனக்கு அங்கே உரிமை இல்லை என்று தெரியுமா? ஆமாம் ஐயா. அவன் பிறந்து தொட்டிலிலிருந்து விழுந்த வீடு அது. எட்டு வருஷம்.

நான் அழவில்லை. நேராக இங்கே வந்தேன். நீ வைக்கச் சொன்ன புதுப் பலகைக் கதவையும் பூட்டையும் கோடரியால் பிளந்தேன். ஒரு தட்டு மிச்சமில்லாமல் உடைத்தேன். குழாயை அடித்தேன், அலமாரியை அடித்தேன், கையில் ரத்தம் வந்த பிறகும் அடித்தேன். சமையலறைத் தரையில் லாமரின் ரத்தம் கறுத்துக் கிடக்கிறது, அதைத் தொடவில்லை. அப்புறம் பலகைகளை உள்ளேயிருந்து ஆணியடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி மடியில் இருக்கிறது, இரண்டு குழலிலும் தோட்டா இருக்கிறது. ஹொரேஸ் கொண்டுவந்து தருகிற சோள ரொட்டியும் தண்ணீரும் இருக்கிறது. ஹொரேஸ் ஜன்னல் வழியாக வாங்கிப்போய் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவார்.

வீடு காலியாக வேண்டும் என்றாயே, இப்போது நான் உள்ளே இருக்கிறேன். எடு அந்தத் தாளை. உள்ளே இருப்பவரை எனக்குத் தெரியாது என்று எழுது. இந்த முறை தெரிந்தே எழுது. உன் ஆட்களை அனுப்பு. முதலில் கதவைத் தொடுகிறவனை நான் சுடுவேன், அது யாராக இருந்தாலும்.

ஆர்லீதா

*

(பேருந்து அட்டவணைத் தாளின் பின்பக்கம், பென்சிலில்)

மார்ச் 11

அக்கா,

கதவுக்கு வெளியே இருக்கிறேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே ரேடியோ அலறுகிறது, உனக்குக் கேட்கவில்லை. இதை அடியில் தள்ளுகிறேன்.

அன்றைக்கு ஜார்ஜியா எல்லை வரைக்கும் வந்தேன். பெட்ரோல் போட நிறுத்தினேன், மறுபடி தெற்குப் பக்கம் காரை ஓட்ட முடியவில்லை. திரும்பிவிட்டேன். உன் கடிதத்தை க்ளாரிஸ் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு, "என் மெஷினை நான் பார்த்துக்கறேன். நீங்க போய் அந்தப் பையன் பேரைச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அவள் என்னோடு பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

நேற்று மிஸ் பென்னிங்டனோடு போய் அரசு வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹொரேஸ் சொன்னதையும் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். லாமர் ஒப்புக்கொண்டதை ரத்து செய்யக் கேட்டிருக்கிறார்கள். 27-ஆம் தேதி நீதிபதி முன்னால் நான் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் என்னைப் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். வீட்டை விற்கவில்லை.

நீ துப்பாக்கியோடு இருப்பதை யாரோ சொல்லி ஷெரிஃப் ஆட்கள் வந்து தெருவில் நிற்கிறார்கள். இரும்பு உருளை கொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது என் அக்கா, சொந்தக்காரி, என்னைப் போகவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர்கள் வர மாட்டார்கள். துப்பாக்கியைக் கீழே வை.

லின்வுட்

*

கவுண்டி ஜெயில், பெண்கள் பகுதி
மார்ச் 16, 2025

லின்வுட்,

க்ளாரிஸ் இதை உன் காதருகே வாசிப்பாள் என்று சொல்லியிருக்கிறாள். கேட்கிறதோ இல்லையோ, வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜன்னல் விரிப்பின் ஓரமாகப் பார்த்தேன். தெருவில் காக்கிச் சட்டைகள். அந்த உருளையைப் பார்த்தேன். அப்புறம் கதவுக்குக் கீழே, பலகை இடுக்கில், ஒரு ஆள் குனிகிற நிழல். இடிக்க வருகிறான் என்று நினைத்தேன். யார் என்று கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. கேட்கவில்லை. இரண்டு குழலிலிருந்தும் பலகை வழியாகவே சுட்டேன்.

நீ கத்தினபோதுதான் உன் குரல் என்று தெரிந்தது. உன் தாள் பாதி உள்ளே வந்திருந்தது. ஆணியைக் கையால் பிடுங்கினேன், நகம் இரண்டு போய்விட்டது. அவர்கள் என் முதுகில் முழங்கால் வைத்து அழுத்தியபோது உன் வயிற்றிலிருந்து வந்த ரத்தத்தில்தான் என் கன்னம் கிடந்தது. அவன் என் தம்பி, அவன் என் தம்பி என்று கத்தினேனாம். ஹொரேஸ் சொன்னார். எனக்கு நினைவில்லை. உன் கடிதத்தை மறுநாள் மிஸ் பென்னிங்டன் எனக்குப் படித்துக் காட்டினாள்.

இப்போது அவள் சொல்வதைக் கேள். நீ எழுதிக் கொடுத்த தாள் மட்டும் போதாதாம். அரசு வக்கீல் உன்னைக் குறுக்கு விசாரணை செய்யாமல் கோர்ட்டில் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். நீதிபதி உன் வாயால் கேட்க வேண்டும். படுக்கையிலிருந்தே வீடியோவில் சொன்னாலும் சரி, மூக்கில் குழாயோடு சொன்னாலும் சரி, ஆனால் நீ உயிரோடு இருந்து சொல்ல வேண்டும். நீ செத்தால் லாமருக்கு எட்டு வருஷம் அப்படியே நிற்கும். என் கையாலேயே என் மகனை உள்ளே பூட்டினவள் ஆவேன்.

டாக்டர் மறுபடியும் வயிற்றைத் திறக்கப் போகிறார் என்று க்ளாரிஸ் சொன்னாள். காய்ச்சல் இறங்கவில்லையாம். நேற்று அவள் என்னைப் பார்க்க வந்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

லாமருக்கு விஷயம் தெரியும். "மாமா வந்தாராம்மா?" என்று மிஸ் பென்னிங்டன் ஏற்பாடு செய்த போனில் கேட்டான். வந்தான் என்றேன்.

உன் மேல் எனக்கு இரக்கம் இல்லை, உன் சாட்சி மட்டும்தான் வேண்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய், லின்வுட். நீயும் வேண்டும். 27-ஆம் தேதி வரைக்கும் உயிரை விடாமல் இரு. அதற்குப் பிறகும் இரு.

உன் அக்கா
ஆர்லீதா